எலிஃபண்டாவுக்கு யவனர் வந்தது நிஜமா? வந்தவர்கள் எந்த மொழியில் பேசினார்கள்?

மகளோடு எலிஃபண்டா தீவுக்குப் போயிருந்தபோது, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிக் கப்பல்கள் இங்கே வந்தன என்று வழிகாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வரும் படகில் மகள் கேட்டிருக்கிறாள்: அவர்களுக்கு இந்தி தெரியுமா, மராத்தி தெரியுமா, எப்படிப் பேசிக்கொண்டார்கள்? நீங்கள் உங்கள் பங்குக்கு இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறீர்கள். நிஜமாகவே ஒரே ஆள் அவ்வளவு தூரம் வந்தாரா, இல்லை சரக்கு மட்டும் கைமாறிக் கைமாறி வந்ததா? இந்தக் கடல்வழியை முதலில் கண்டுபிடித்தது யார்? மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: ஒன்றையொன்று அறியாத தேசங்களைச் சேர்த்து வைத்தது யார்?

நான் புணேயில் தொல்லியல் படித்தவள். இருபத்தாறு வருஷமாக மும்பையில் இருந்துகொண்டு, மேற்குக் கடற்கரை அகழாய்வுகளில் கிடைக்கும் பானை ஓடுகளை வகை பிரித்துப் பதிவு செய்கிறேன். அதனால் அரபிக்கடல் பற்றியும் கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகள் பற்றியும் கொஞ்சம் தைரியமாகச் சொல்வேன். மத்திய ஆசியா, சீனம் பற்றிச் சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்பில் படித்தது. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் அடைத்து அனுப்பிய சாடிக்கு ஆம்போரா என்று பெயர். இரண்டு பக்கமும் பிடி இருக்கும், அடிப்பக்கம் கூம்பியிருக்கும். அதில் ஒரு வகைக்குப் பிடியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். இரண்டு மண் திரிகளை உருட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினாற்போல் இருக்கும். ஓட்டின் ஓரத்தைக் கொஞ்சம் புதிதாக உடைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் சிலவற்றில் களிமண்ணுக்குள் கறுப்பு மணல் தூவியதுபோலப் பளபளக்கும். ஒவ்வொன்றும் ரவையைவிடப் பொடி. இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சுற்றியுள்ள எரிமலை மண்ணின் அடையாளம் அது. நம் தக்காணப் பாறையும் எரிமலைக் குழம்பில் பிறந்ததுதான். அதனால் கறுப்புப் பொடியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். பிடியின் வடிவம், விளிம்பு, மண், சூளையில் வெந்த விதம் எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒத்துவந்த ஓடுகள் இந்தியாவில் நிறையவே கிடைத்திருக்கின்றன. அப்படி ஒன்றை முதன்முதலில் கையில் வைத்துப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெசூவியஸ் அடிவாரத்தில் ஒரு குயவர் பிடித்த மண் அல்லவா?

சரி, சாடி வந்தது. ஆள் வந்தாரா? வந்தார், இதில் சந்தேகமே வேண்டாம். ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் தம் காலத்தில் செங்கடலின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல் வரை இந்தியாவுக்குப் போவதாக எழுதியிருக்கிறார். அதைவிட வலுவான சான்று வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் வெளியானது. ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் பத்திரம். சரக்கைச் செங்கடலில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் நதியில் ஏற்றி, அலெக்சாந்திரியாவில் நாலில் ஒரு பங்கு சுங்கம் கட்டும்வரை யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதியிருக்கிறது. மறு பக்கம் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம். யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதாக அகநானூறு சொல்வதை நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். அந்தப் பாட்டின் மறுகரைக் கணக்குப் புத்தகம் இந்த ஏடு.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சரக்கில் 60 பெட்டி சடாமாஞ்சி, அதுவும் கங்கைக்கரைச் சடாமாஞ்சி. இமயத்தில் முளைத்த வேர், கங்கை வழியாகக் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து எப்படியோ கேரளக்கரைக்கு வந்து, அப்புறம்தான் யவனர் கப்பலில் ஏறியிருக்கிறது. ஆக, நீங்கள் கேட்ட 'ஆளா, கைமாற்றா' என்பதற்கு ஒரே பெட்டிக்குள் இரண்டு பதிலும் இருக்கின்றன. எகிப்திலிருந்து முசிறிவரை ஒரே கப்பல், ஒரே மாலுமிகள். இமயத்திலிருந்து முசிறிவரை எத்தனை கைகள் என்று எண்ணவே முடியாது. இன்னொரு சின்னத் திருத்தம்: ரோமாபுரிக் கப்பல் என்கிறோமே தவிர, அதில் வந்தவர்கள் பெரும்பாலும் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழிக்காரர்கள். கூடவே அரேபியர், சிரியாவின் பல்மைரா நகரத்து வணிகர், யூதர், நம் ஊர்க்காரர்களும். ரோம் நகரத்திலேயே பிறந்தவர் அதில் சிலர்தான் இருந்திருப்பார்கள்.

வந்தவர்கள் உடனே திரும்பவில்லை. என் பதிலின் உயிர் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்புவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை இந்தியக் கரைக்குத் தள்ளிவிடும். ஏடன் பக்கத்து ஒசெலிஸிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்று ரோம எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். திரும்பிப் போகக் காற்று மாற வேண்டும். வாடைக்காற்று பிடித்து, டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோதான் கிளம்ப முடியும். நடுவில் மூன்று மாதம். கப்பல் நிறைய ஆட்கள் அந்நிய ஊரில் என்ன செய்வார்கள்? சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும், பாய் தைக்க வேண்டும், காய்ச்சலுக்குக் கஷாயம் வேண்டும், கும்பிடவும் ஓர் இடம் வேண்டும். மிளகு அறுவடையானதும் உடனே கொள்முதல் செய்ய உள்ளூரில் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். சிலர் அடுத்த பருவம் வரைக்கும் இருந்துவிட்டார்கள். சிலர் கல்யாணமே செய்துகொண்டு தங்கினார்கள். தேசங்களை இணைத்த பெருமையில் பெரும்பங்கை, வந்து போனவர்களைவிட, காத்திருந்தவர்களுக்கும் அவர்களுக்கு இடம் கொடுத்த உள்ளூர்க்காரர்களுக்கும்தான் நான் கொடுப்பேன்.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். முதலில், அன்று இந்தியும் இல்லை, இன்று நாம் கேட்கும் மராத்தியும் இல்லை. இந்தப் பக்கம் பேசியது பிராகிருதம், தெற்கே தமிழ். கப்பலில் வந்தவர்கள் பேசியது பெரும்பாலும் கிரேக்கம். நடுவில் நின்றது மொழிபெயர்ப்பாளர்கள். இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்றால், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மெசபடோமியாவின் அக்காத் அரசர்கள் காலத்து முத்திரை ஒன்று இருக்கிறது, நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. அதில் 'சூ இலிசு, மெலுகா மொழிபெயர்ப்பாளர்' என்று ஆப்பெழுத்தில் பொறித்திருக்கிறது. மெலுகா என்பது சிந்துவெளி என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தூதர், அரசர் என்று இல்லாமல், இரண்டு மொழி தெரிந்ததையே பட்டமாக முத்திரையில் வெட்டி வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

எல்லா ஊரிலும் சூ இலிசு இருந்திருக்க மாட்டார். மீதி வேலையைக் கொச்சை மொழி பார்த்திருக்கும். மும்பையில் வாழும் நமக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். என் அப்பா 1968இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாதரில் இறங்கியபோது கையில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான். தாராவியில் ஒரு பெட்டிக்கடைக்காரரின் பெயர், அவர் பக்கத்து ஊர்க்காரர். அந்த அண்ணாச்சி கடைப் பலகையில் படுக்க இடம் கொடுத்து, முதல் வாரத்தில் கித்னா, கிதர், கல், பர்சோ, சுட்டா என்று இருபது வார்த்தை சொல்லிக் கொடுத்தாராம். அதை வைத்தே அப்பா மூன்று மாதம் ஓட்டினார். இலக்கணமே கிடையாது, விரலும் கண்ணும் பாதி பேசும். பத்து வருஷம் கழித்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வேறு யாரோ ஒரு பையன் சீட்டோடு வந்து நின்றான். துறைமுக ஊர்களில் நடந்ததும் இந்த மாதிரிதான் என்று நான் நம்புகிறேன். இதற்கு ஓட்டில் சான்று கிடையாது, பேச்சு மண்ணில் புதையாது. ஆனால் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது, பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும் ஊர் என்கிறது. வந்து போகும் ஊர் என்று அந்தப் புலவர் சொல்லவில்லை. உறையும் ஊர் என்கிறார்.

அந்நியர் இங்கே உறைந்ததைக் கல்லிலேயே பார்க்கலாம். லோனாவாலா பக்கத்தில் கார்லே குகையின் பெரிய சைத்தியத்துக்குள், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபத்துக்குள், வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் சில, தேனுகாகடம் என்ற ஊரில் குடியிருந்த யவனர்கள் கொடுத்த தானம். ஒரு தூணில், தேனுகாகடத்து யவனர் சிஹதயர் கொடுத்த தூண் என்று பிராமி எழுத்தில், பிராகிருதத்தில் வெட்டியிருக்கிறது. பெயரும் இந்த மண்ணுக்குரிய பெயராக மாறிவிட்டது. இவர்கள் எகிப்திலிருந்து கடலில் வந்தவர்களா, வடமேற்கில் ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரேக்க வம்சத்தாரா என்பதில் இன்றும் விவாதம் இருக்கிறது. யவனர் என்ற சொல் இரண்டு பேருக்கும் பொருந்தும். அந்த ஊர் எது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. யவனர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் புத்த சங்கத்துக்குத் தூண் கொடுத்தார்கள் என்பது மட்டும் உறுதி.

எதிர்த்திசையில் நம் ஆட்கள் போனதும் அதே அளவு உறுதி. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், கோயில் முற்றத்துத் தரையில் பதித்திருந்த ஓர் இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோவுக்கு மேல் கருமிளகு கிடைத்தது. அதே ஊரில் ஓர் ஓட்டில் தமிழ் பிராமியில் கொற்றபூமான் என்ற பெயர். மியோஸ் ஹோர்மோஸில் கணன், சாதன் என்ற பெயர்கள். அங்கேயே இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை. அரசன் பெயரோ கடவுள் பெயரோ இல்லாமல், அடுப்படியில் புழங்கும் ஒரு சொல் செங்கடல் கரையில் கிடக்கிறது. உறி கட்டித் தொங்கவிட்டால் அங்கே ஒரு கூரை இருந்திருக்க வேண்டும், சமையல் இருந்திருக்க வேண்டும், அதை எழுதிப் படிக்க இன்னொரு தமிழ் ஆள் இருந்திருக்க வேண்டும். ஏமன் பக்கத்தில் சொகோத்ரா தீவின் ஹோக் குகையில், ஆழத்தில், இருட்டில், இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் பெல்ஜிய ஆய்வுக் குழு இருநூறுக்கு மேற்பட்ட கிறுக்கல்களைக் கண்டது. பெரும்பாலானவை பிராமி, எழுதியவர்கள் பரூச் போன்ற குஜராத் கரை ஊர்களின் மாலுமிகள். இன்னார் வந்தேன் என்பதுதான் அதில் முக்கால்வாசி. காற்றுக்காகக் காத்திருந்த நாட்களில் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் போயிருக்கிறார்கள்.

கிழக்கே போனால் எனக்குப் பிடித்தது தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் கிடைத்த ஒரு சின்ன உரைகல். பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் கல். அதில் 3, 4ஆம் நூற்றாண்டு எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்றிருக்கிறது. பெரும்பதன் என்ற தட்டார், தம் கருவி வேறு யாரிடமும் போய்விடக்கூடாது என்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார், நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல. அதே நாட்டில் தகுவாபா என்னுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, சிதைந்திருந்தாலும் விஷயம் தெரிகிறது: அங்கே வெட்டிய குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயர், அது மணிக்கிராமத்தாரின் காவலில். மணிக்கிராமம் என்பது வணிகர் குழு. சரக்கு விற்றுவிட்டு ஓடுகிறவர் அந்நிய மண்ணில் குளம் வெட்ட மாட்டார்.

இப்படித் தங்கியவர்கள் எப்படி அடிதடியில்லாமல் பிழைத்தார்கள் என்பதற்குச் செப்பேடு ஒன்று விடை சொல்லும். 849இல் கொல்லத்தில், அய்யனடிகள் என்ற வேணாட்டுத் தலைவர் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்தார். சாசனம் வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகளோ அரபு எழுத்தில் சில, பாரசீக பஹ்லவியில் சில, எபிரேய எழுத்தில் சில. கோயிலைக் கட்டிய மார் சபீர் ஈசோ மேற்கிலிருந்து வந்த வணிகத் தலைவர். அதே சாசனத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகர் குழுக்களுக்கும் பொறுப்பு தரப்பட்டிருக்கிறது. இந்து அரசர், கிறிஸ்தவக் கோயில், முஸ்லிம், பார்சி, யூத சாட்சிகள், எல்லாம் ஒரே வளையத்தில் கோத்த தகட்டில். நானூறு பக்க ஆய்வு நூலைவிட இந்தக் கையெழுத்துகள் எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன.

எல்லாமே இனிமையாக நடந்தது என்று சொன்னால் பொய். முசிறிக்குப் பக்கத்தில் கடற்கொள்ளையர் பயம் உண்டு என்றும், கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிப் போனார்கள் என்றும் பிளினியே எழுதுகிறார். நம் கல்யாண் அன்று பெரிய துறைமுகம். இன்று வண்டி மாறுவதற்கு ஓடுகிறோமே, அதே கல்யாண்தான். 1ஆம் நூற்றாண்டின் நடுவில் பெயர் தெரியாத ஒரு கிரேக்கர் எழுதிய கடல் கையேடான பெரிப்ளஸ், தவறிப்போய்க் கல்யாணுக்கு வந்த கிரேக்கக் கப்பல்களைக் காவல் போட்டு பரூச்சுக்கு இழுத்துப் போகிறார்கள் என்கிறது. இரண்டு அரசுகளுக்கு நடுவே சுங்க வருமானச் சண்டை. அப்புறம் அடிமைகள். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல வருஷம் தங்கி வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யீஜூ என்ற துனீசிய யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோவில் கிடைத்திருக்கின்றன. எழுதக் காகிதம்கூட ஏடனிலிருந்து வர வேண்டியிருந்தது. அவருடைய வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏடன்வரை போய்வந்தவர் பொம்மா என்ற அடிமை. ஏடன் முதலாளிகள் கடிதத்தில் பொம்மாவை விசாரித்து எழுதுகிறார்கள். ஆனால் பொம்மாவே எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. இரண்டு கரையையும் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர், அவர் விரும்பிப் போனாரா என்று நமக்குத் தெரிய வழியில்லை.

தரைவழியையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பட்டுப்பாதை என்ற பெயர் பழங்காலத்தில் கிடையாது. 1877இல் ரிச்தோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் எழுதிய பிறகுதான் பரவியது. சீனத்திலிருந்து ரோம்வரை ஒரே வணிகர் ஒட்டகத்தோடு போனார் என்பது திரைப்படக் காட்சி. அங்கே நடந்தது பெரும்பாலும் கைமாற்று. இந்த ஊர் ஆள் அடுத்த சந்தைவரை, அந்தச் சந்தை ஆள் அதற்கடுத்த ஊர்வரை. நடுவில் முக்கியமானவர்கள் சமர்கந்துப் பக்கத்துச் சோக்தியர்கள். அவர்களின் குடும்பங்கள் வழிநெடுகக் குடியேறியிருந்தன. 1907இல் ஆரல் ஸ்டைன் என்ற தொல்லியலாளர், சீனத்தின் வடமேற்கில் உள்ள துன்ஹுவாங் பக்கத்தில் ஒரு காவல் கோபுர இடிபாட்டில் போய்ச் சேராத கடிதக்கட்டு ஒன்றை எடுத்தார். ஏறத்தாழ 313இல் எழுதியவை. அதில் மிவ்னாய் என்ற பெண், தன்னையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போன கணவனுக்கு எழுதுகிறாள்: உன் பேச்சைக் கேட்டு இங்கே வந்தேன், உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம். காத்திருப்பின் இன்னொரு முகம் இது. சந்தை ஊர்களில் வியாபாரத் தரகர்கள் மட்டும் இருக்கவில்லை, ஊர் திரும்பக் கூட்டிப்போக ஆளில்லாத இவர்களும் இருந்தார்கள்.

ஃபாஹியான், யுவான் சுவாங், இபின் பதூதா போன்ற பெரும் பயணிகளை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்கள் எழுதியிராவிட்டால் நமக்குப் பாதி தெரியாது. ஆனால் அவர்கள் போனது வணிகர் ஏற்கெனவே போட்ட தடத்தில், வணிகர் கப்பலில், வணிகர் வீட்டுச் சோற்றில். சீனத்தை விட்டு 399இல் கிளம்பிய ஃபாஹியான், பல வருஷம் கழித்து இலங்கையில் அபயகிரி விகாரையில் நிற்கும்போது, ஒரு வணிகர் புத்தர் சிலைக்கு முன்னால் சீன வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைப்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். துறவி நடந்தும் கடந்தும் பல வருஷத்தில் வந்து சேர்ந்த இடத்துக்கு விசிறி அவருக்கு முன்பே வந்துவிட்டது.

இனி சந்தேகமானவை. என் துறையிலேயே பெரிய திருத்தங்கள் நடந்திருக்கின்றன. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், உள்ளே சின்னச் சின்னக் குழிக்கோடு வட்டம் வட்டமாக ஓடும் வழவழப்பான சாம்பல் நிறத் தட்டுகளைக் கண்டு, மத்தியதரைக் கடல் சரக்கு என்றே எண்ணினார். அதை வைத்துத் தென்னிந்தியத் தளங்களுக்கெல்லாம் காலம் குறித்தார்கள். பிற்பாடு களிமண்ணை ஆய்வகத்தில் பார்த்தபோது அது இந்திய மண் என்று தெரிந்தது. கங்கை முகத்துவாரப் பக்கம் என்று ஒரு தரப்பு சொல்கிறது, எந்த இடம் என்பதில் இன்னும் வாதம் உண்டு. அதே தட்டு பாலித் தீவில்கூடக் கிடைக்கிறது. ரோமுக்குச் சான்று என்று வைத்திருந்தது, வங்காளம் முதல் இந்தோனேசியாவரை நம் ஆட்கள் ஓட்டிய கப்பலுக்குச் சான்றாகிவிட்டது. இரண்டாவது திருத்தம் எலிஃபண்டாவையே தொடும். மேற்குக் கரையில் ரோம ஆம்போரா என்று பெட்டி பெட்டியாக எழுதி வைத்திருந்த ஓடுகளில் நிறைய, ஈராக்கில் செய்த பிடியில்லாத கூம்புச் சாடிகள் என்று இந்த நூற்றாண்டில்தான் கண்டறிந்தார்கள். உட்பக்கம் கறுப்பாகத் தார் பூசியிருக்கும். பிடி உடைந்து போயிருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். எலிஃபண்டாவில் இரண்டு வகையும் உண்டு. ஆகவே உங்கள் வழிகாட்டி சொன்னது தப்பில்லை, ஆனால் அந்தத் தீவுக்கு வந்த சாடிகளில் பாரசீக வளைகுடாவின் பங்கையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சொற்களைப் பற்றி நம்மவர்கள் அடிக்கடி பகிர்வதிலும் இதே கவனம் தேவை. கிரேக்கர் இஞ்சிக்குச் சொன்ன சிங்கிபெரிஸ் என்ற பெயரின் வேரில் நம் இஞ்சி இருக்கிறது என்பதைப் பெரும்பாலான மொழியறிஞர் ஏற்கிறார்கள், இடையில் பாலி, பிராகிருத வடிவங்கள் கிடைப்பதால். அரிசியிலிருந்து கிரேக்கச் சொல்லான ஒரைசா வந்தது என்பது அப்படி உறுதியானதில்லை. பழைய ஈரானிய மொழி வழியாக வந்தது என்பதற்கே ஆதரவு அதிகம். 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நாடக ஏடு ஒன்றில் இந்தியக் கரையில் நடக்கும் காட்சியில் புரியாத வசனங்கள் வருகின்றன. அது கன்னடம் என்று ஒருவர், துளு என்று இன்னொருவர் சொன்னார்கள், முடிவாகவில்லை. வெறும் உளறலாகவே எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. நம் மொழிக்குச் சேரும் பெருமைக்குப் பானை ஒறியும் பெரும்பதன் கல்லும் போதும், ஆட்டம் காணும் சான்றைச் சேர்த்தால் உறுதியானதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

முதலில் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு, ஹிப்பாலஸ் என்ற மாலுமி பருவக்காற்றைக் கண்டுபிடித்தார் என்று பல புத்தகத்தில் இருக்கும். கடலைக் குறுக்கே கடக்கும் நேர்வழியை முதலில் கண்டவர் அவர் என்கிறது பெரிப்ளஸ். பிளினிக்கோ ஹிப்பாலஸ் என்பது காற்றின் பெயர். எனக்கு அதைவிட நம்பத்தகுந்ததாகத் தோன்றுவது ஸ்ட்ராபோ எடுத்தெழுதும் வேறொரு கதை. கி.மு. 118 வாக்கில் செங்கடல் கரையில், கூட்டாளிகளெல்லாம் செத்துப்போய்த் தன்னந்தனியாக ஒதுங்கிய ஓர் இந்தியரை அரைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள். என்ன பேசுகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. அலெக்சாந்திரியாவில் வைத்துக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தார்கள். பேச வந்ததும், நான் வழி காட்டுகிறேன் என்றார். யூடோக்சஸ் என்பவர் அந்தக் கப்பலில் இந்தியாவுக்குப் போய்த் திரும்பினார். யூடோக்சஸின் பெயர் நமக்குத் தெரியும், வழி காட்டியவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. காற்றை அவரும் கண்டுபிடிக்கவில்லை, அவருடைய ஊரில் மீன் பிடிக்கப் போகும் பையனுக்கும் அது தெரிந்திருக்கும். பரூச் முகத்துவாரத்தில் மண்மேடும் வெள்ளமும் ஏற்றவற்றமும் அந்நியக் கப்பல்களைக் கவிழ்த்துவிடும் என்பதால், அரசரின் சேவையில் இருந்த உள்ளூர் மீனவர்கள் நீண்ட படகுகளில் வெகுதூரம் எதிர்கொண்டு போய்க் கப்பலை இழுத்து வந்தார்கள் என்று பெரிப்ளஸும் எழுதியிருக்கிறது. மகள் யார் முதலில் என்று மறுபடி கேட்டால், இந்த மீனவர்களைச் சொல்லுங்கள்.

மழை விட்டதும் மகளைக் கார்லேவுக்குக் கூட்டிப் போங்கள். மளவலி ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம், அப்புறம் படி ஏற வேண்டும். டார்ச் எடுத்துப் போய்த் தூணின் மேல் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடித்தால் எழுத்துத் தெரியாது. போரிவிலியில் கான்ஹேரி இன்னும் எளிது. அங்கே கல்யாண், சோபாரா வணிகர்கள் கொடுத்த தானங்கள் இருக்கின்றன. 90ஆம் குகையில் 1009லும் 1021லும் பார்க்க வந்த ஜொராஸ்திரியர்கள் பஹ்லவியில் தங்கள் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எலிஃபண்டாவுக்கு மறுபடி போய், கரையோரம் மகள் ஒரு பழைய ஓட்டைக் கண்டுபிடித்தால் நன்றாகப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். எடுத்து வருவது சட்டப்படி குற்றம், அது எங்கே கிடந்தது என்பதுதான் எங்களுக்குப் பாதித் தகவல். படத்தில் பிடியோ தார்ப்பூச்சோ தெரிந்தால் இங்கே போடுங்கள், பார்த்து என்ன வகை என்று சொல்ல முயல்கிறேன்.